ஆட்களுக்கு ஒரு நீதிபதி

1939ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் தேதி, நியூயோர்க் நகர வானொலி நிலையம் ஒன்றில் எழுபத்தேழு வயது முதியவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்து சில நிமிடங்கள் பேசினார். அவர் பெயர் ஜேம்ஸ் நெயிஸ்மித். கூடைப்பந்தாட்டத்தை உலகிற்கு அளித்தவர் அவரே. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் காலமானார். அன்றைய பேச்சின் ஒலிப்பதிவு நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாது கிடந்து, கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரால் தேடியெடுக்கப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மனிதரின் குரலென்று இன்று நமக்குக் கிடைப்பது அது ஒன்றே.

முதல் ஆட்டம் எப்படி நடந்தது என்று கேட்கப்பட்டபோது அவர் தந்த விடை வியப்புக்குரியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வீழ்த்தினர், உதைத்தனர், குத்தினர். அவர் குறுக்கே புகுந்து விலக்குவதற்குள் ஒருவன் நினைவிழந்து கிடந்தான். பலருக்குக் கண்கள் வீங்கிக் கறுத்துவிட்டன. இன்னொருவனுக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. அதற்குப் பின்னும் அதே பிள்ளைகள் மீண்டும் ஆடவேண்டுமென்று அவரை நச்சரித்தார்களாம். அதனாலேயே மேலும் சில விதிகளை வகுக்க நேர்ந்தது என்றார்.

நூல்களிற் காணப்படும் வரலாறு இத்துணைக் கடுமையானதன்று. விதிகள் முதலில் எழுதப்பட்டன, பின்னரே ஆட்டம் நடந்தது என்பதே அவற்றின் கூற்று. முதியவரின் நினைவு சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம். வானொலியும் கதைச்சுவையை விரும்பும் சாதனமே. ஆயினும் விதிகளை எடுத்துப் படிப்போருக்கு, எழுதியவர் கண்முன் அடிபட்ட பிள்ளை ஒருவன் நின்றான் என்பதில் ஐயம் எழாது.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்ட் என்னும் நகரம் உண்டு. வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தன் தேகாப்பியாச ஆசிரியர்களைப் பயிற்றுவித்த கல்லூரி அங்கே இருந்தது. 1891ஆம் ஆண்டின் மாரிகாலத்தில், மண்டபத்துக்குள்ளே ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை இரண்டு வாரத்துள் ஆக்கித் தருமாறு கல்லூரியின் தலைமை ஆசிரியருள் ஒருவரான லூதர் கியூலிக், நெயிஸ்மித்தைப் பணித்தார். பதினெட்டு மாணவர் கொண்ட அவ்வகுப்பு அடங்காத வகுப்பெனப் பெயர் பெற்றது; முன்னர் அதை ஏற்ற ஆசிரியர் இருவர் கைவிட்டுச் சென்றிருந்தனர்.

நெயிஸ்மித் கனடா நாட்டவர், இறையியல் படித்தவர், அக்காலத்து முரட்டு உதைபந்தாட்டத்தில் தாமே ஆடிப் பழகியவர். அவர் தமக்குள் வினவிய வினா எளியது. உதைபந்தாட்டத்தில் ஒருவனை ஏன் வீழ்த்துகிறார்கள்? பந்தை ஏந்திக்கொண்டு அவன் ஓடுவதால், ஓட்டத்தை நிறுத்த வேறு வழியில்லை. அப்படியாயின் பந்தோடு ஓடுவதையே தடுத்துவிட்டால் வீழ்த்தவேண்டிய தேவை எங்கே? அடுத்தது இலக்கு. தரையிலே நிற்கும் இலக்கை நோக்கிப் பந்தை வேகமாக எறிவார்கள். வேகம் காயத்தைத் தரும். இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தால் பந்தை மெல்ல வளைத்து எறிந்தே ஆகவேண்டும். இவ்வாறு பீச்சுப் பழக்கூடைகள் இரண்டு, பத்தடி உயரத்திலே ஏறின. கூடைப்பந்தின் உயர்ந்த வளையம் அழகிற்காக அமைந்ததன்று; பிள்ளைகளின் முகத்தையும் மார்பையும் காப்பதற்காக அமைந்தது.

பதின்மூன்று விதிகளையும் நெயிஸ்மித் தட்டச்சிடுவித்து மண்டபச் சுவரில் ஒட்டுவித்தார். 1892 ஜனவரியில் அவை கல்லூரிப் பத்திரிகையில் வெளிவந்தன. அவற்றுள் பத்தாவதும் பதினோராவதும் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஆட்டத்துக்கு ஒருவரல்லர், இருவர் வேண்டும் என்கின்றன அவை. ஒருவர் மத்தியஸ்தர்: அவர் பந்துக்கு நீதிபதி. பந்து எல்லைக்குள்ளே நிற்கிறதா, எப்பக்கத்தாருக்கு உரியது, கூடையில் விழுந்ததா, நேரம் எவ்வளவு சென்றது என்பவற்றை அவர் பார்ப்பார். மற்றவர் நடுவர்: அவர் ஆட்களுக்கு நீதிபதி. யார் யாரைத் தள்ளினார், பிடித்தார், இடறினார், அடித்தார் என்பதை அவர் கவனிப்பார். பந்து எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஆட்டக்காரனை வெளியேற்றும் அதிகாரம் அவருடையது. விதிகளின் வரிசையிலே பந்தின் நீதிபதிக்கு முன்னதாக ஆட்களின் நீதிபதி கூறப்பட்டிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் கருத்துக்கு ஒத்த வரிசைதான்.

வெளியேற்றுவதற்குரிய அளவுகோலை ஐந்தாம் விதி தந்தது. முதன்முறை தவறிழைத்தால் அது கணக்கில் வைக்கப்படும். இரண்டாம் முறை இழைத்தவன், அடுத்த பந்து கூடையில் விழும்வரை வெளியே நிற்கவேண்டும். ஆனால் எதிரியைக் காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிந்தால், ஆட்டம் முடியும்வரை அவனுக்கு இடமில்லை, பதிலாளும் இல்லை. இங்கேதான் நடுவருக்குப் பெருஞ்சுமை ஏற்றப்பட்டது. கை பட்டதா என்பதைக் கண்ணாற் காணலாம். எண்ணத்தை எவ்வாறு காண்பது? பதினாறு வயதுப் பையன் பந்தை மட்டுமே பார்த்துப் பாய்ந்து, கீழே நின்றவனின் பல்லை உடைத்துவிடுகிறான். அவன் நெஞ்சிலே தீமை இல்லை. பல் என்னவோ உடைந்துவிட்டது. முதல் விதிநூலின்படி இவனும், வேண்டுமென்றே முழங்கையால் இடித்தவனும் வேறு வேறானவர்கள். அடிபட்டவனுக்கு அந்த வேறுபாட்டால் பயன் ஏதுமில்லை.

ஆட்டம் பரவியது, முரட்டுத்தனமும் உடன் பரவியது. அதற்கு ஒரு காரணம் விதியிலேயே இருந்தது. எல்லைக்கு வெளியே போன பந்தை முதலில் தொட்டவனே உள்ளே எறியலாம் என்று அன்றிருந்தது. பந்து பார்வையாளர் மாடத்தில் விழுந்தால், இரு பக்கத்தாரும் படிக்கட்டில் முண்டியடித்து ஏறினர். சில சங்கங்கள் இவ்விளையாட்டைத் தம் மண்டபத்திலிருந்து விலக்கியும் வைத்தன. பணத்துக்காக ஆடியவர்கள் களத்தைச் சுற்றிக் கம்பிக்கூண்டே அடித்தார்கள். பந்து வெளியே போகாது என்பது உண்மை, ஆனால் ஆட்டக்காரர் கம்பியிலே மோதிக் கிழிபட்டனர். கடைசியாகத் தொட்டவரின் எதிர்ப்பக்கத்தாருக்கே பந்து என்ற விதி 1913இல் வந்த பின்னரே அந்த ஓட்டப்பந்தயம் ஓய்ந்தது.

இதற்கிடையில், ஸ்பிரிங்பீல்டுக்கு அண்மையில் உள்ள ஸ்மித் கல்லூரியில் 1893 மார்ச் மாதம் பெண்கள் ஆடிய முதற் போட்டி நடந்தது. ஆசிரியை செண்டா பெரன்சன் தாமே நடுவராக நின்று, ஆட்டத்தைத் தொடக்கப் பந்தை மேலே வீசினார். வீசிய வேகத்தில் அவர் கை, நடுவில் நின்ற மாணவியின் உயர்த்திய கையில் மோதியது. தோள்மூட்டு விலகிவிட்டது. காப்பதற்கென நின்றவரின் கையாலேயே முதற் காயம் நேர்ந்தது. மாணவியை அழைத்துச் சென்று மூட்டைப் பொருத்திய பின் வேறொருத்தியைக் கொண்டு ஆட்டம் தொடர்ந்தது.

பெரன்சன் களத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியினர் மற்றப் பகுதிக்குள் புகலாகாது என்றார். மற்றவள் கையிலிருக்கும் பந்தைப் பறிப்பதையும் விலக்கினார். பெண்கள் மெலியர் என்ற அக்கால எண்ணமும் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் கூட்டம் ஓரிடத்தில் திரளாமற் செய்தால் நடுவரின் பாரம் பாதி குறையும் என்ற அறிவும் அதில் இருந்தது. இங்கிலாந்துக்குச் சென்று வலைப்பந்தாட்டமாக மாறிய பெண்கள் கூடைப்பந்திலும் இப்பகுப்பு நிலைத்தது. இலங்கைப் பெண்கள் பாடசாலைகளிலே வலைப்பந்தாடும் மாணவி, பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி விலகி நிற்கிறாளே, அந்த இடைவெளியும் இதே எண்ணத்தின் வழிவந்ததுதான்.

கூடைப்பந்தில் நாளடைவில் இரு நீதிபதிகளின் வேலைகளும் ஒன்றாகக் கலந்தன. இன்று இருவரோ மூவரோ களத்தில் நின்றாலும், ஒவ்வொருவரும் பந்தையும் பார்க்கவேண்டும், ஆட்களையும் பார்க்கவேண்டும். மனிதக் கண் பந்தின் பின்னே ஓடும் இயல்புடையது. எனவே பயிற்சி பெறும் நடுவருக்கு முதலிற் கற்பிக்கப்படுவது, பந்தில்லாத இடத்தைப் பார்க்கும் பழக்கம்.

கண்ணைப் பழக்கினாலும் மனத்தைப் பழக்குவது எளிதன்று. விதிநூலின் பதிப்பாசிரியராக நெடுங்காலம் இருந்த ஒஸ்வால்ட் டவர் என்பவர் ஒரு நெறியைக் கூறினார். உடல் உடலிற் படுவதெல்லாம் தவறாகாது. அதனால் எதிரிக்கு இடர் நேர்ந்ததா என்று பார்த்தே நடுவர் தீர்க்கவேண்டும். நல்ல நெறி, இன்றேல் நிமிடத்துக்குப் பத்து முறை விசில் ஒலிக்கும். வளர்ந்தவர்களின் ஆட்டத்திற்கு இது பொருந்தும். சிறுவர் ஆட்டத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. தள்ளுண்ட சிறுவன் தள்ளாடியபடியே பந்தைக் கூடையில் போட்டுவிட்டால், அவனுக்கு இடர் நேரவில்லை என்று கூறலாம். அவனைத் தள்ளியவனோ, தள்ளினாலும் குற்றமில்லை என்று கற்றுக்கொள்கிறான். அடுத்த முறை தள்ளப்படுபவன் சுவரில் மோதலாம். ஆட்டத்தின் ஓட்டம் கெடாமற் காப்பதும், பிள்ளையின் எலும்பு கெடாமற் காப்பதும் எப்போதும் ஒரே விசிலால் ஆகிவிடுவதில்லை. ஐயம் தோன்றுமிடத்தில் சிறுவர் ஆட்டத்து நடுவர் விசிலை ஊதிவிடுவதே தக்கது. நின்றுபோன ஆட்டத்தை மறுபடி தொடக்கலாம்.

எண்ணத்தை அளக்கும் பழைய வழக்கமும் மாறியது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகள், கடுந்தவறு ஒன்றைத் தீர்க்கும்போது நடுவர் செயலை மட்டுமே பார்க்கவேண்டும் என்று கூறத் தொடங்கின. துள்ளியெழுந்தவன், எழுந்த இடத்திலேயே மீண்டும் இறங்க உரிமையுடையவன் என்ற விதியும் அத்தகையது. கீழே காலை நீட்டியவன் வேண்டுமென்று நீட்டினானா, அறியாமல் நீட்டினானா என்ற ஆராய்ச்சி அங்கில்லை. இறங்கும் நிலம் மற்றவனுடையது. அதிற் புகுந்தது தவறு. வானில் நிற்பவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளக் கையும் இல்லை, காலும் இல்லை; அவனுக்காகப் பார்ப்பவர் நடுவர் ஒருவரே.

ஆட்டம் தொடங்குவதற்கு 20 நிமிடங்கள் முன்னரே நடுவரின் அதிகாரம் தொடங்குகிறது. நீண்ட நகம், சங்கிலி, உலோகக் காப்பு, கடினமான முழங்கைக் கவசம் ஆகியவற்றை அவர் அகற்றுவிப்பார். இந்த அதிகாரம் தவறான வழியிலும் சென்றதுண்டு. தலையை மறைக்கும் துணி ஆபத்தானது என்ற விதியை முன்னிட்டு, 2014இல் இஞ்சியொன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் நாட்டுப் பெண்கள் முக்காட்டோடு ஆட விடப்படவில்லை. அவர்கள் போட்டியிலிருந்தே விலகினர். அதே ஆண்டில் சீனாவில் நடந்த போட்டியில் இந்திய அணியின் சீக்கியர் தலைப்பாகையைக் கழற்றும்படியாயிற்று. மென்துணி எவரைக் காயப்படுத்தியது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. 2017 ஒக்டோபர் முதலாந் தேதி தொடக்கம் சம்மேளனம் அத்தடையை நீக்கியது. காப்பு என்ற சொல்லைத் தாங்கிய விதியெல்லாம் காப்பதில்லை.

மறுபுறத்தே, உண்மையான ஆபத்து ஒன்று நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நின்றுவிட்டால், “ஒன்றுமில்லை” என்றுவிட்டால், ஆட்டம் தொடர்ந்தது. அமெரிக்க உயர்பாடசாலை விதிகளிலே, நினைவிழந்து கிடந்தவனைப் பற்றி மட்டுமே நடுவருக்குக் கட்டளை இருந்தது. ஆனால் நினைவு தப்பாமலே மூளை அதிர்ச்சி ஏற்படுவதுண்டு. பெரும்பாலும் அப்படியே ஏற்படுகிறது. அது ஆறுமுன் மறுபடியும் அடிபட்டால் இளம் மூளை வீங்கி உயிருக்கே கேடு நேரலாம். கூடைப்பந்திலே பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இவ்வதிர்ச்சி மிகுதியாக ஏற்படுவதையும் மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. உதைபந்தாட்டத்தில் அடிபட்டபின் மீண்டும் களத்தில் இறக்கப்பட்டு வாழ்நாட் பாதிப்படைந்த சிறுவன் ஒருவனின் துயரத்தை அடுத்து, வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் அதனைப் பின்பற்றின.

2010இல் உயர்பாடசாலை விதிநூலும் மாறியது. தலைவலி, தலைச்சுற்று, குழப்பம், நிலைதடுமாற்றம் ஆகிய குறிகளுள் எதனைக் கண்டாலும் அந்த ஆட்டக்காரரை உடனே வெளியேற்றவேண்டும் என்றது. நடுவர் மருத்துவர் அல்லர். நோயை அவர் நிதானிக்க வேண்டியதில்லை. தன் பக்கத்துக் கூடை எதுவென்று அறியாமல் திகைத்து நிற்கும் பெண்ணைக் கண்டால் போதும். பயிற்றுநர் கெஞ்சலாம்; பெற்றோர் இருக்கையிலிருந்து கத்தலாம்; ஆட இன்னும் இரண்டு நிமிடமே எஞ்சியிருக்கலாம்; அந்தப் பெண்ணே தனக்கு ஒன்றுமில்லை என்று அழலாம். அவள் தவறேதும் இழைக்கவில்லை. எனினும், 1891இல் தவறிழைத்து வெளியேறியவன் அடுத்த பந்து கூடையில் விழுந்ததும் திரும்பி வந்தான்; இவளோ தகுதியுள்ள மருத்துவ வல்லுநரின் அனுமதி கிடைக்கும்வரை, எத்தனை பந்து விழுந்தாலும் திரும்பி வர இயலாது.