சமையலறை மரைன் ப்ளையும் முட்டத்து வள்ளமும்

பெங்களூரில் வீடு வாங்கிய தமிழர்கள் எல்லோருக்கும் "மரைன் ப்ளை" பழக்கமான சொல். சமையலறை அலமாரி போட வரும் ஆசாரி முதலில் சொல்வதே, "சிங்க் அடியில தண்ணி படும் சார், மரைன் போட்டுக்கலாம்" என்பதுதான். விலையைக் கேட்டு மயங்கி விழாமல் சமாளித்தால், எட்டுக்கு நாலு அடிப் பலகைகள் லிஃப்டில் ஏறி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறுகூட ஓடாத ஊரில் கடல் பலகை! மிக்ஸி வைக்கும் தட்டாகவும் பருப்பு டப்பா ரேக்காகவும் அது தன் காலத்தைக் கழிக்கிறது.

பலகையின் மூலையில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியாத பசை வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதிகளில் ஒன்று. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கென்றே 1962-ல் தொடங்கிய ப்ளைவுட் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில், துமகூரு சாலையில்தான் அமைந்தது.

பெங்களூருக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1940-ல் இங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த், விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்தையும் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் பழுதுபார்க்க இங்கே வந்தன. அவை வந்து இறங்கியது எங்கே தெரியுமா? பெள்ளந்தூர் ஏரியில்! இன்று அந்த ஏரியைக் கடந்து ஆபீஸ் போகும் மக்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பின்னாளில் நுரைக்கும் நெருப்புக்கும் பேர் வாங்கிய அதே தண்ணீர்.

சரி, கதைக்கு வருவோம். ஒரு சாதாரண மனிதன் வீட்டு ஷெட்டில் மரப்படகு கட்டி, பின்னால் ஒரு மோட்டாரை மாட்டி ஓட்டலாம் என்ற பொழுதுபோக்கு பரவலானதற்கு அந்தப் போரும் ஒரு காரணம். அதற்கு முன் மரப்படகு என்றால் பரம்பரை ஆசாரி வேண்டும். பலகையை வளைக்க, விலா எலும்பு மாதிரி சட்டம் வைக்க, இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்க எல்லாமே கைப்பழக்கம். போர்க்காலத்தில் பிரிட்டன் கொசு என்று பெயர் வைத்து ஒரு மர விமானத்தை ஆயிரக்கணக்கில் செய்தது. முதலில் செய்தவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை. ஈரமும் புழுக்கமும் அதற்கு ஆகாது. பிறகு வேதியியல் பசைக்கு மாறினார்கள். மரத்தையும் ஈரத்தையும் தாங்கும் பசை, மெல்லிய அடுக்குப் பலகை இரண்டும் போர் முடிந்ததும் சாதாரணக் கடைக்கு வந்தன. நம் வீட்டு மேஜை டிராயரில் காய்ந்து கிடக்கும் அரால்டைட் ட்யூபுக்கும் அதே காலத்துப் பூர்வீகம்தான்.

1950களில் அமெரிக்காவில் கிறிஸ் கிராஃப்ட் கம்பெனி, வெட்டிய மரத்துண்டுகளைப் பெட்டியில் போட்டு மோட்டார் படகு "கிட்" விற்றது. ஆனாலும் அதில் சட்டம் கோர்க்கும் வேலை இருந்தது. அதையும் ஒழித்தவர் கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலேய ஆசிரியர். ப்ளைவுட் துண்டுகளின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்துவிட வேண்டும். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையான பலகைகள் தாமாகவே படகின் வளைவுக்கு வந்துவிடும். உள்பக்கத் தையலில் பிசினைப் பூசி, கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, காய்ந்ததும் கம்பியை வெட்டிவிடலாம். அச்சும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். வரைபடத்தில் உள்ள அளவுப்படி வெட்டத் தெரிந்தால் போதும். பிளவுஸ் தைக்கும் டெய்லருக்கு இது உடனே புரியும். நமக்குத்தான் விளக்கம் வேண்டும்.

இந்த உத்தியை வைத்து 1963-ல் வந்தது மிரர் என்ற பாய்மரக் குட்டிப்படகு. நீளம் சுமார் 3.3 மீட்டர். ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டிவியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் பத்திரிகை விளம்பரம் கொடுத்து 63 பவுன் 11 ஷில்லிங்குக்கு கிட்டாக விற்றது. சிவப்புப் பாய் அதன் அடையாளம். கராஜிலும் ஹாலிலும் கட்டி, கடைசியில் வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாமல் முழித்தவர்கள் கதை அங்கே ஏராளம். இதுவரை 70,000-க்கு மேல் கட்டியாயிற்று.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால் தையல் என்ற சொல் விடவில்லை. படகைத் தைப்பது நம் கரைக்குப் புதிதா என்ன? சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னரானாலும் கடைநிலை சிப்பாயானாலும், அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகில்தான் ஏற வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்து இறுக்கிய படகு அந்த அலையடியில் விரிசல் விடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

இப்போது நாகர்கோவில் பக்கம் வாருங்கள். 1980களின் தொடக்கம். முட்டம் என்றால் நமக்கெல்லாம் 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'தான் ஞாபகம் வரும். அதே காலத்தில் அந்த ஊர்க் கரையில் கேமராவில் அகப்படாத இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே, முட்டம் படகுத் தளத்தில் ப்ளைவுட்டைத் தைத்து மீன்பிடிப் படகு கட்டிக்கொண்டிருந்தார். கோட்டாறு சமூக சேவை சங்கமும், 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இதில் பங்கு வகித்தன. பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவிலிருந்து உதவி வந்தது. எட்வின் கிஃபோர்ட் என்ற பொறியாளர் வடிவமைப்பில் கைகொடுத்தார்.

ஏன் ப்ளைவுட்? ஆசைக்கு அல்ல. கட்டுமரத்துக்குக் கனமில்லாத மரம் வேண்டும். வள்ளம் குடைய ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மாவோ அயனியோ வேண்டும். காடு சுருங்கச் சுருங்க இரண்டும் அரிதாகி, விலை ஏறியது. இன்னொரு பக்கம் இழுவைமடிப் படகுகள். 1953-ல் கொல்லம் நீண்டகரைப் பக்கம் தொடங்கிய நார்வே திட்டம் முதலாக வளர்ந்த இயந்திரப் படகுத் தொழில், இறாலைத் துரத்திக் கரையோரத்தையே வழித்து எடுத்தது. கையால் துடுப்பு வலிப்பவன் என்ன செய்வான்? அவனும் மோட்டார் கேட்டான். ஜப்பான் அவுட்போர்டு இன்ஜின்கள் வந்தன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது.

ஆனால் இன்ஜினை எதில் மாட்டுவது? நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டிய கட்டுமரத்தின் பின்னால் இன்ஜினை நிறுத்துவது லேசல்ல. ப்ளைவுட் படகு அதற்குத் தோதாக இருந்தது. குடைந்த மரத்தைவிடக் கனம் குறைவு; மணலில் நாலு பேர் இழுத்து ஏற்றலாம். ஆனால் கட்டுமரக்காரருக்கு ஒரு நியாயமான பயம் உண்டு. கட்டுமரம் கவிழும், முங்காது. உள்ளே தண்ணீர் நிற்க இடமே கிடையாது. திறந்த படகில் அலை புகுந்தால் ஆள் காலி. அதனால் மேலேயும் தளம் போட்டு மூடிய, உள்ளே காற்று அடைத்த ப்ளைவுட் வடிவம் ஒன்றையும் கட்டினார்கள். கொட்டுமரம் என்று பெயர். கட்டுமரத்தின் குணத்தை ப்ளைவுட்டில் கொண்டுவரும் முயற்சி. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். புதுப் படகைக் கொடுத்து "ஓட்டிப் பழகு" என்று சொல்லவில்லை, அவன் பயத்தை அளந்து படகு கட்டினார்கள்.

ஜில்லே தன் அனுபவத்தை 1985-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சிறியதே அழகு என்று ஷூமாக்கர் சொன்னதை மாற்றி, சிறியதே கடினம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கஷ்டம் தெரிந்தவர் வைத்த தலைப்பு!

ப்ளைவுட் வள்ளம் குமரிக் கரையிலும் திருவனந்தபுரம், கொல்லம் கரையிலும் பரவியது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்காகக் கண்டுபிடித்த தையல், இங்கே குடும்பத்தின் சோற்றுக்கு வழியானது. ஆனால் இலவசமாக அல்ல. கட்டுமரக்காரனுக்குக் காற்றும் கையும்தான் எரிபொருள். இன்ஜின் வந்ததும் மண்ணெண்ணெய்க் கணக்கு, உதிரிபாகக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் கூடவே படகில் ஏறிவிட்டன. மீன் தள்ளிப் போகப் போக இவனும் தூரமாகப் போனான். தூரம் போகப் போக எண்ணெய் செலவு. இது முன்னேற்றமா என்று கேட்டால், இழுவைமடி ஓடிக்கொண்டிருந்த கடலில் அவனுக்கு வேறு வழி இருந்ததா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் ஃபைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. ஃபைபர் முன்பே வந்துவிட்டதுதான், சுனாமிக்குப் பின் கரையெல்லாம் அதுவே. ஒரு அச்சு இருந்தால் அடுத்தடுத்து வார்த்து எடுக்கலாம். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். அந்த அச்சைச் செய்ய மட்டும் பெரும்பாலும் முதலில் மரத்திலோ ப்ளைவுட்டிலோ ஒரு முழுப் படகைக் கையால் இழைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

குளச்சல், முட்டம், பூந்துறை பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வந்து இங்கேயும் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கும் மக்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ ப்ளைவுட் வள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை அடி, என்ன இன்ஜின், எத்தனை வருஷம் தாங்கியது, கடனை எப்போது அடைத்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.