தெருவில் நிற்கும் காமிரா

சேலத்தை அடுத்த வெண்ணந்தூரின் தறிக்காரத் தெரு ஒன்றில் மூன்று வாலிபர்கள் ஒரு குறும்படத்துக்காகக் காமிராவை ட்ரைபாடில் பொருத்தி நிமிர்வதற்குள், திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், "யாரைக் கேட்டுட்டுத் தம்பி படம் புடிக்கறீங்க?" என்று விசாரித்துவிடுவார். அது நியாயமான கேள்விதான். ஆனால் தெருவில் படம் பிடிக்க யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு நம் சட்டப் புத்தகங்கள் நேரான விடை தந்ததில்லை என்பதும், அந்த மௌனத்துக்குச் சேலத்துச் சினிமாச் சரித்திரமே ஓரளவு சாட்சி என்பதும் இங்கே பிரஸ்தாபிக்கத் தக்கவை.

1918ஆம் வருஷத்துச் சினிமாச் சட்டமும், அதன்கீழ் 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் அமைந்த தணிக்கைச் சபைகளும், பிற்பாடு வந்த 1952ஆம் வருஷத்துச் சட்டமும், திரையில் எது காட்டப்படுகிறது, காட்டும் கொட்டகை தீப்பிடிக்காமல் இருக்குமா என்பவற்றில் கவலை கொண்டனவேயன்றி, படம் எங்கே எவ்விதம் பிடிக்கப்படுகிறது என்பதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தெருவுக்கோ வேறு எஜமானர்கள் இருந்தனர். சென்னைக்கு 1888ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டமும், சேலம் முதலிய ஜில்லாக்களுக்கு 1859ஆம் வருஷத்து ஜில்லாப் போலீஸ் சட்டமும் கூட்டத்தையும் ஊர்வலத்தையும் வாத்திய கோஷத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் போலீசாருக்கு அளித்திருந்தன. சினிமா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அந்த விதிகளின் நிழலில்தான் காமிராவும் ஒரு சிறிய ஊர்வலமாகப் பாவிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இந்தக் குறை நெடுங்காலம் யாரையும் உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம், பேசும் படம் வந்ததும் காமிரா தெருவைவிட்டு மதிலுக்குள் போய்விட்டதே. நடிகர் பேசும்போதே ஒலியைப் பதிவு செய்தாக வேண்டிய அக்காலத்தில், மாட்டு வண்டியின் சக்கர ஓசைகூட ஒரு காட்சியைக் கெடுக்கப் போதுமானது. இன்றைய வெண்ணந்தூரின் விசைத்தறி இரைச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருச்செங்கோட்டு நெசவு வர்த்தகக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி.ஆர். சுந்தரம், சேலத்தில் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை நிர்மாணிக்க, 1937இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி, மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) உட்பட நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்த ஸ்தாபனம் தயாரித்த காலத்தில், அரண்மனையும் கடைவீதியும் சுவருக்குள்ளேயே எழுந்தன. அட்டையாலும் மரச்சட்டத்தாலும் எழுப்பிய வீதிக்கு இன்ஸ்பெக்டரின் கையெழுத்து எதற்கு?

எடை குறைந்த ஆரிபிளெக்ஸ் காமிராக்களும், பின்னால் டப்பிங் பேசிச் சேர்க்கும் வழக்கமும் பரவிய பின், குறிப்பாக 1970களில், படக்குழுக்கள் மதிலை விட்டு ஊர்ப்புறம் தேடிப் போயின. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று பெயர் சொல்ல எஞ்சியிருப்பது முகப்பு வளைவுதான். தெருவின் அனுமதி ஒரு தொழிலாகவே ஆனது அப்போதுதான். பெரிய கம்பெனிக்கு அதற்கென்று புரொடக்‌ஷன் மானேஜர் உண்டு. போலீஸ் ஸ்டேஷன், பேரூராட்சிச் செயல் அலுவலர், நெடுஞ்சாலைத் துறை என்று அவர் அலைந்து திரிந்து முடித்துவிடுவார். நாமக்கல் மலையின் குடைவரைக் கோயில்களைப் படமெடுப்பதாயின் தொல்லியல் துறையின் 1959ஆம் வருஷத்து விதிகள் குறுக்கிடும். லைசென்ஸ் வேண்டும், கூரையிட்ட உட்பகுதிக்கோ மேலும் கட்டுப்பாடு. 2015இல் மத்திய அரசு ஒற்றைச் சாளரமாக ஒரு திரைப்பட வசதி அலுவலகத்தை ஏற்படுத்தியபோதும், அது முதலில் அந்நிய நாட்டுப் படக்காரர்களுக்கே வாசலைத் திறந்தது. சொந்த ஊர்த் தெருவில் நிற்கும் மூவரைப் பற்றி எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அவர்களைப் போன்றோரைப் பற்றி நினைக்க நேர்ந்தது நியூயார்க் நகரத்துக்குத்தான். அதற்குக் காரணமாயிருந்தவர் ஓர் இந்தியர் என்பது விசேஷம். 2005இல் அந்நகரத் தெருவில் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கைக்காமிராவில் படம் பிடித்துக்கொண்டிருந்த ராகேஷ் சர்மாவைப் போலீசார் பிடித்து நிறுத்தி விசாரிக்க, அவர் வழக்குத் தொடர்ந்தார். அதன் பயனாக 2007இல் நகரம் வெளியிட்ட வரைவு விதியோ, இருவர் அரைமணிக்கு மேல் ஓரிடத்தில் காமிராவுடன் நின்றாலே அனுமதியும் 10 லட்சம் டாலர் இன்ஷூரன்ஸும் வேண்டுமென்றது! கலைஞர்கள் கூக்குரலிட, 2008இல் அது திருத்தப்பட்டு, கைக்காமிராவோ ட்ரைபாடோ மட்டும் வைத்துக்கொண்டு வழியை அடைக்காதவர்களுக்கு அனுமதியே வேண்டாமென்று முடிவாயிற்று. ஆள் எண்ணிக்கையைக் கணக்கிடாமல் வழி அடைபடுகிறதா என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட அந்த முடிவு, என் அபிப்பிராயத்தில், விவேகமானது.

நம் அரசாங்கமும் அவ்விதமே, போக்குவரத்தை மறிக்காமல் ஜெனரேட்டரோ விளக்குக் கம்பமோ இல்லாமல் எடுக்கும் சிறு குழுக்கள், பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு பக்க அறிவிப்பைக் கொடுத்து முத்திரையிட்ட ரசீது பெற்றுக்கொண்டால் போதும் என்று ஓர் உத்தரவு பிறப்பிக்கலாம். திண்ணைப் பெரியவருக்குக் காட்ட அந்த ரசீது போதும்.