பெருங்கடல் வெப்பநிலைச் சுழற்சிகளும் திருமயம் பகுதி நீர்வளமும்

பெருங்கடல் வெப்பநிலைச் சுழற்சிகள் என்பன கடல் மேற்பரப்பு வெப்பநிலை சில ஆண்டுகளுக்கோ பல பத்தாண்டுகளுக்கோ ஒருமுறை இயல்பிலிருந்து உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நிகழ்வுகளாகும். இவை தொலைவிலுள்ள நிலப்பகுதிகளின் மழையளவையும் ஆற்று நீரோட்டத்தையும் மாற்றுகின்றன. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள திருமயம் போன்ற கண்மாய்ப் பாசனப் பகுதிகளில் இம்மாற்றம் வேளாண்மையை நேரடியாகப் பாதிக்கிறது.

முதன்மையான சுழற்சிகள்

எல் நீனோ: நடு, கிழக்குப் பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி இயல்பைவிட வெப்பமடைதல். இது 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது. இதற்கு எதிரான குளிர்நிலை லா நீனா எனப்படும்.

இந்தியப் பெருங்கடல் இருமுனை: இந்தியப் பெருங்கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளுக்கு இடையேயான வெப்பநிலை வேறுபாட்டின் அலைவு. மேற்குப் பகுதி கூடுதல் வெப்பமாக இருப்பது நேர்நிலை ஆகும். இது 1999 ஆம் ஆண்டு அறிவியல் உலகில் விரிவாக விளக்கப்பட்டது.

பசிபிக் பத்தாண்டு அலைவு: வட பசிபிக்கில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை ஒரே கட்டத்தில் நீடிக்கக்கூடிய மாற்றம். இதன் வெப்பக் கட்டத்தில், தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் எல் நீனோவின் விளைவு வலுப்பெறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இரு பருவங்களில் எதிரெதிர் விளைவு

எல் நீனோ காலத்தில் காற்று மேலெழும் பகுதி பசிபிக்கின் நடுப்பகுதிக்கு நகர்கிறது. இந்தோனேசியாவை ஒட்டிய பகுதிகளில் காற்று கீழிறங்குகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை இது தென்மேற்குப் பருவமழையை வலுவிழக்கச் செய்கிறது. குடகு மலையில் மழை குறையும்போது காவிரியின் நீர்வரத்தும் குறைகிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரை நிலைமை மாறுகிறது. ஈரப்பதம் மிக்க கீழைக்காற்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குவிவதால் வடகிழக்குப் பருவமழை மிகுவது பொதுப்போக்காகும். இருமுனையின் நேர்நிலையும் இம்மழைக்குப் பெரும்பாலும் துணைபுரிகிறது.

திருமயம் பகுதியில் தாக்கம்

திருமயம், புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே காரைக்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள அறந்தாங்கி வட்டாரத்துக்குக் கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி நீர் கிடைக்கிறது. திருமயம் பகுதியோ மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பியுள்ளது. ஆகவே ஒரே எல் நீனோ ஆண்டில், மாவட்டத்தின் ஒரு பகுதியில் கால்வாய் நீர் குறையவும் மற்றொரு பகுதியில் கண்மாய்கள் நிரம்பவும் வாய்ப்புண்டு.

மழையின் மாற்றம் நீரோட்டத்தில் பெருகித் தெரியும். முதல் மழையை வறண்ட மண் உறிஞ்சுகிறது. பின்னர் மேல் கண்மாய் நிரம்பி, கலிங்கு வழியாக வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. எஞ்சிய நீரே இறுதியில் ஆற்றை அடைகிறது. எனவே மழை ஓரளவு குறைந்தாலே கடைசிக் கண்மாய்க்கு நீர் வராமல் போகலாம்.

குறிப்பிடத்தக்க ஆண்டுகள்

2015: வலுவான எல் நீனோ. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை நீண்டகால சராசரியில் 86% மட்டுமே பெய்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை மிகுந்து சென்னையில் பெருவெள்ளம் ஏற்பட்டது.

2016: இருமுனை எதிர்நிலையில் இருந்தது; வலுக்குறைந்த லா நீனாவும் நிலவியது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62% குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

2021: லா நீனா ஆண்டாக இருந்தும் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது.

ஆய்வு வரலாறு

1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின் பருவமழையை முன்கூட்டியே கணிக்கும் முயற்சிகள் இந்தியாவில் தொடங்கின. 1904 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளின் காற்றழுத்தம் எதிரெதிராக மாறுவதைக் கண்டறிந்து அதற்குத் தெற்கத்திய அலைவு எனப் பெயரிட்டார். 1969 இல் யாக்கோப் பியர்க்னெசு இதனை எல் நீனோவுடன் இணைத்து விளக்கினார்.

முன்கணிப்பின் வரம்புகள்

இச்சுழற்சிகள் மழையின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றனவே அன்றி, அதன் அளவை உறுதி செய்வதில்லை. வங்காள விரிகுடாவில் உருவாகும் ஓரிரு புயல்களின் பாதைகூட ஓர் ஆண்டின் மழையளவை மாற்றிவிடும். மேலும், மிகுதியாக மழை பெய்யும் ஆண்டிலும் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்திருந்தால் கண்மாய்கள் நிரம்புவதில்லை.