இரண்டு நாழிகை அமைதியும் முதுமை இல்லறமும்

சமணம் துறவையே தலையாய அறமாகப் போற்றுவது. ஆதலின் இல்லறத்தார் வாழ்வைப் பற்றி அது மிகுதியாகக் கூறவில்லை என்று கருதுவார் உளர். சிராவகர்க்கென்றே எழுந்த நூல்கள் அக்கருத்தை மறுக்கின்றன.

சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவக நோன்பியாகவே காட்டப்படுகிறான். மதுரைக்குச் செல்லும் வழியில், காலடியில் சிற்றுயிர்கள் நசுங்காதவாறு நடத்தல் எத்துணை அரிது என்பதைக் கவுந்தியடிகள் அவனுக்கும் கண்ணகிக்கும் உணர்த்துகிறார். விழிப்புடன் வாழும் நெறி கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவென்பதை அக்காட்சி புலப்படுத்துகிறது.

அந்நெறியை முறைப்பட வகுத்தது சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். அதனை அடியொற்றித் தமிழில் குறட்பாக்களாக எழுந்தது அருங்கலச்செப்பு. இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள், தன் துணையோடு நிறைவுகொள்ளுதல் அணுவிரதம் ஐந்தனுள் ஒன்று; சாமாயிகம் சிட்சாவிரதம் நான்கனுள் ஒன்று.

சாமாயிகமாவது விருப்பு வெறுப்பு நீக்கி மனத்தைச் சமநிலையில் நிறுத்துதல். அதற்குரிய காலம் குறைந்தது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் என்பது மரபு. காட்டிலும் கோயிலிலும் மட்டுமன்றி, இடையூறற்ற வீட்டிலும் அதனை இயற்றலாம் என்கிறார் சமந்தபத்திரர். அவ்வேளையில் இல்லறத்தான், ஆடை போர்த்தப்பட்ட முனிவனை ஒப்பான் என்றும் கூறுகிறார். மனம், சொல், உடல் ஆகிய மூன்றும் நெறி பிறழ்தல், ஈடுபாடின்மை, மறதி ஆகிய ஐந்தும் அதன் குற்றங்கள். இவ்வைந்துமே நெடுநாள் இல்லறத்தையும் தேய்ப்பவை என்பது முதியோர் அறிந்ததே.

சிராவகர் நிலைகள் பதினொன்று. சாமாயிகம் அவற்றுள் மூன்றாவது, பிரமசரியம் ஏழாவது. பதினோராம் நிலையிலேதான் இல்லம் நீங்குதல் கூறப்படுகிறது. எனவே ஏழாம் நிலை எய்தியபின்னும் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ இடமுண்டு. உடலுறவு நீங்கினும் உறவு நீங்குவதில்லை. அவர்கள் ஒருவர்க்கொருவர் நோன்புத் துணையாகின்றனர்.

மக்கள் தொலைவூர்களில் வாழ, ஆரணி, வந்தவாசிப் பகுதி ஊர்களில் முதியோர் இருவர் மட்டும் எஞ்சிய இல்லங்கள் இன்று பல. நோயும் தனிமையும் கவலையாகின்றன, கவலை கடுஞ்சொல்லாகிறது. அச்சொல் பிறக்குமுன் மனத்தைத் தடுத்து நிறுத்தும் பயிற்சியே சாமாயிகம். வினை நீக்கத்திற்கென வகுக்கப்பட்ட விரதமே அது. எனினும் அதனை நாள்தோறும் இயற்றும் இருவரிடையே பொறுமை தானே வந்தமைகிறது. விழா நாளில் மட்டும் நினைக்கப்படின் அப்பயன் விளையாது. நாடோறும் இயற்றுக என்பதே நூலின் கட்டளை.