இரண்டாவது காவல்

கோழி முட்டை குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். அத்தனை நாளும் சூடு 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். கூடுதலாக இரண்டு டிகிரி ஏறி அப்படியே நின்றுவிட்டால், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். சூட்டைத் தானாகப் பிடித்து நிறுத்தும் கருவியின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மனுஷன் முதலில் அதைத் தன் அறைக்காகச் செய்யவில்லை, முட்டைக்காகச் செய்தான்.

கருவி வருவதற்கு முன்பே எகிப்தில் மண்ணால் கட்டிய பெரிய அடைகாப்பு அறைகள் இருந்தன. தெர்மாமீட்டர் கிடையாது. வேலைக்காரர் முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார். சூடு தூக்கலாக இருந்தால் காற்றுத் துவாரத்தைத் திறப்பார், குறைந்தால் நெருப்பைக் கூட்டுவார். பெரும்பாலும் அங்கேயே படுத்துக் கிடப்பார்.

கவனித்துப் பாருங்கள், அந்த ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தார். சூட்டைச் சரிக்கட்டுவது ஒன்று. ஏதாவது தப்பாகப் போனால் நெருப்பை அணைப்பது இன்னொன்று. பின்னால் வந்த கருவிகள் முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டன. இரண்டாவது வேலை ரொம்ப நாள் கேட்பாரற்றுக் கிடந்தது.

1620களில் லண்டனில் கார்னெலிஸ் டிரெபெல் என்று ஒரு டச்சுக்காரர் இருந்தார். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டினாரே, அவரேதான். முட்டை பொரிக்க அவர் ஓர் அடுப்பு செய்தார். அடுப்புக்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் கலம், அதோடு சேர்ந்த வளைந்த குழாயில் பாதரசம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் மேலே மிதக்கும் கம்பியைத் தூக்கும், கம்பி நெருப்புக்குக் காற்று போகும் வழியை மூடும். சூடு இறங்கினால் எல்லாம் திரும்பி நடக்கும். ஆள் தேவையில்லை.

அழகான யோசனைதான். ஆனால் கண்ணாடி விரிசல் விட்டுப் பாதரசம் ஒழுகிவிட்டால் என்ன ஆகும்? கம்பி கீழே விழும், காற்று வழி முழுசாகத் திறக்கும், நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கருவி பழுதாகும்போது சூடு குறைவதில்லை, ஏறுகிறது. வீட்டில் ஹீட்டருக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிற யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது கெட்டால் எந்தப் பக்கம் சாயும்?

19ஆம் நூற்றாண்டில் இந்த யோசனை மின்சாரத்துக்கு மாறியது. 1830இல் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி, சூட்டில் வளையும் பட்டையை வைத்துக் கருவி செய்தார். ‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயர் அவர் வைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் 1883இல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன், பள்ளியின் பராமரிப்பாளர் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சூட்டைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி அடுப்பைச் சரி செய்ய வேண்டும். அந்த அலைச்சல் ஒழிந்தது. கூடவே, அடுப்பை அடிக்கடி எட்டிப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணும் போனது.

மின்சாரம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. பட்டை மெதுவாக வளைந்து தொடுமுனைகள் மெதுவாகப் பிரியும்போது நடுவில் தீப்பொறி பறக்கும். பொறி பறந்து பறந்து முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கருவி ‘நிறுத்து’ என்றாலும் மின்சாரம் நிற்காது. இதற்கு வழி கண்டவர் ஜான் ஸ்பென்சர். சிறுவயதில் கொதிகலன் அடுப்பைக் கவனித்தபோது, அதன் வட்ட மூடி சூட்டுக்கு ஏற்ப ‘டக்’கென்று உட்புறமும் வெளிப்புறமும் புடைப்பதைப் பார்த்தவர். அதே மாதிரி சூட்டில் சட்டென்று புரளும் குழிந்த உலோக வில்லையை 1920களில் கொண்டுவந்தார். இன்றைக்கு இஸ்திரிப் பெட்டி, கீசர் என்று பல பொருட்களில் அந்தக் குடும்பத்து வில்லைகள் இருக்கின்றன.

காவல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது: 1982 ஜனவரி 19. ஓக்லஹோமாவின் ஸ்பென்சர் ஊரில் ஸ்டார் தொடக்கப்பள்ளி. சூட்டை நிறுத்த வேண்டிய பாகம் பழுதாகி, வெந்நீர்த் தொட்டி எல்லை மீறிச் சூடேறியது. அழுத்தத்தை வெளியே விட வேண்டிய வால்வும் கைகொடுக்கவில்லை. தொட்டி வெடித்து ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். கருவி கெடுவது சகஜம். கெட்ட பிறகு பிடிக்க இன்னொன்று இல்லாததுதான் உயிரை வாங்கியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தெர்மோக்கோல் பெட்டி, 100 வாட் குண்டு பல்பு, சின்ன விசிறி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பலகை. நாட்டுக்கோழி முட்டை வைக்கப் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். டிரெபெலின் அடுப்புக்கு இது நேர் வாரிசு, குறையும் அதே குறைதான். பலகையின் ரிலே முனை ஒட்டிக்கொள்ளலாம். எஸ்.எஸ்.ஆர். வைத்தால் அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விட்டபடியே கெடும். உணரி நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுந்தால், ‘இன்னும் குளிருது’ என்றே நினைத்துப் பல்பு எரியும். தெர்மோக்கோல் 100 டிகிரியை நெருங்கினாலே இளகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

அதனால் வயரிங்கில் வரிசை முக்கியம். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் கம்பி முதலில் ஃபியூஸுக்குப் போகட்டும். அங்கிருந்து பலகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெப்பத் துண்டிப்பானுக்கு, பிறகு ரிலேவுக்கு, கடைசியாகப் பல்புக்கு. நியூட்ரலை மட்டும் துண்டித்தால், பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் உயிர் இருக்கும். துண்டிப்பான் பல்புக்குப் பக்கத்தில், விசிறி நின்றால் முதலில் சூடாகும் இடத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை உருகும் வகையாக இருந்தால் ஈயப் பற்று வைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே போய்விடும். இறுக்கிப் பிடிக்கும் இணைப்பான் போடுங்கள். உலோக பாகம் எதுவாக இருந்தாலும் எர்த் கட்டாயம். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். அது இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள், போர்டை நீங்களே திறக்க வேண்டாம்.

முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி. கையால் அழுத்தி மீட்டெடுக்கும் வகைத் துண்டிப்பான் என்றால் அதைச் சுலபமாகச் செய்யலாம். உணரியை வேண்டுமென்றே பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பாருங்கள். பலகை ஏமாந்து பல்பை எரியவிடும், சூடு ஏறும். தெர்மோக்கோல் இளகுவதற்கு வெகு முன்னாலேயே துண்டிப்பான் ‘டக்’கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தப் பெட்டியில் காவல் இன்னும் நீங்கள்தான். அதை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.