கஞ்சா கமிஷன் – 3
‘காரணம்’ என்ற கட்டம்

லண்டன் நாடாளுமன்றத்தில் கஞ்சாவைப் பற்றி எழுந்த கேள்வி கப்பலேறி இந்தியா வந்ததையும், 1893 ஜூலையில் அதற்கென்று ஏழு பேர் கொண்ட கமிஷன் பிறந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். மேலிடம் கேட்டது வங்காளத்தைப் பற்றி மட்டும்தான். வைஸ்ராய் லேன்ஸ்டவுனின் அரசோ, கேட்டதே கேட்டார்கள், இந்தியா முழுவதையும் பார்த்துவிடுவோம் என்று எல்லையை விரித்துவிட்டது.

ஆகஸ்ட் 3-ம் தேதி கல்கத்தாவில் முதல் கூட்டம். தலைவர் மாக்வொர்த் யங் பஞ்சாபின் வருவாய் நிர்வாகத்தில் பழுத்தவர். ஓமனியும் ஃப்ரேசரும் மாவட்ட நிர்வாகம் பார்த்தவர்கள். வார்டன் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். இந்த நான்கு வெள்ளையர்களோடு மூன்று இந்தியர்கள்: தாஹிர்பூர் ராஜா சசி சேகரேஸ்வர் ராய், கபூர்தலா அரச குடும்பத்து கன்வர் ஹர்னாம் சிங், முசாஃபர்நகர் லாலா நிஹால் சந்த். இந்த மூன்று பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முடிவதற்குள் தேவைப்படும்.

எழுத்திலும் நேரிலுமாக 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். கலெக்டர்கள், மருத்துவர்கள், பாதிரிமார்கள், ஜமீன்தார்கள், கடைக்காரர்கள். இன்றைக்கு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டால் அது எத்தனை முறை கால நீட்டிப்புக் கேட்கும் என்பது நமக்குத் தெரியும். இவர்கள் ஒரு வருடத்தில் முடித்தார்கள்.

கஞ்சா விளையும் இடங்களும் விசாரணைக்குள் வந்தன. வங்காளத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவ்காவ் வட்டாரம்தான் தலைமை நிலம். உரிமம் பெற்றவர் மட்டுமே பயிரிடலாம். விளைந்த சரக்கு அரசு பார்வையிலுள்ள கிடங்குக்குப் போய், வரி கட்டிய பிறகே கடைக்கு வரும். வயலில் ஆண் செடி ஒன்று தப்பி நின்றாலும் போதும், பெண் செடிகள் விதை பிடித்து, பிசின் குறைந்து, சரக்கு கெட்டுவிடும். ஆகவே ஆண் செடியை இளசிலேயே கண்டு பிடுங்குவதற்கென்று கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘கஞ்சா டாக்டர்’. நம் பக்கத்துக்கு வந்தால், மெட்ராஸ் மாகாணத்தில் சாகுபடிக்குப் பேர்போனவை இரண்டு இடங்கள். ஒன்று கிருஷ்ணா மாவட்டத்து பாபட்லா பக்கம். மற்றது வட ஆற்காட்டு ஜவ்வாது மலை.

இதெல்லாம் கணக்கு வழக்கு. அதிகாரிகளுக்குக் கைவந்த வேலை. லண்டன் கேட்ட கேள்வி வேறு.

இந்தியாவின் மனநோய் விடுதிகள் கஞ்சா பிடிப்பவர்களால் நிரம்பி வழிகின்றன என்று 1891-லேயே நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் மார்க் ஸ்டூவர்ட். அது மெய்யானால் தடை போடுவதைத் தவிர வழியில்லை. பொய்யானால்?

*

முதலில் ஒரு குரங்கைப் பிடித்தார்கள்.

கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவ ஆய்வாளர். அவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. மூடிய அறைக்குள் குரங்கை வைத்து, கஞ்சாப் புகையை உள்ளே விட்டு, மாதக்கணக்கில் அதைச் சுவாசிக்கச் செய்தார். பிறகு குரங்கைக் கொன்று மூளையைப் பரிசோதித்தார். கஞ்சாவால் வந்தது என்று கைகாட்டக்கூடிய சேதம் எதுவும் தென்படவில்லை. ஒரே ஒரு குரங்கை வைத்து ஒரு துணைக்கண்டத்துக்குச் சட்டம் எழுதிவிட முடியாதுதான். கமிஷனும் அதோடு நிற்கவில்லை.

குரங்கை விட்டுவிட்டு மனிதர்களிடம் வந்தது. அதாவது, பதிவேடுகளிடம்.

தடை வேண்டும் என்றவர்கள் கையில் இருந்த ஒரே கனமான ஆயுதம் மனநோய் விடுதிகளின் ஆண்டறிக்கை. கல்கத்தா, டாக்கா, மெட்ராஸில் 1871 முதல் இயங்கிய கீழ்ப்பாக்கம் விடுதி என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படிவம்தான். சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், சாதி, வயது. கூடவே ‘நோய்க்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். 1892-ல் இந்த விடுதிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்கு அந்தக் கட்டத்தில் கஞ்சா, பாங், சரஸ் ஆகியவற்றில் ஒன்று எழுதப்பட்டிருந்தது. ஆறில் ஒருவர். பயந்துபோக இது போதும்.

இந்த இடத்தில் கமிஷன் ஒரு காரியம் செய்தது. அதற்கு முன் யாருக்கும் தோன்றாதது. பின்னால் வந்த பலருக்கும் தோன்றவில்லை. 222 பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, கட்டத்தில் இந்த வார்த்தையை எழுதியது யார் என்று தேடிப் போனது. உள்ளூர் விசாரணை நடந்தது. உறவினர், பக்கத்து வீட்டார், ஊர்ப் பெரியவர் என்று விசாரித்தார்கள்.

விடுதி மருத்துவர் எழுதியதாக எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெரும்பாலும் எழுதியது போலீஸ்.

தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவரைக் காவலர் பிடித்து வருகிறார். விவரச் சீட்டை நிரப்ப வேண்டும். குடும்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினால் மேலிடம் முகம் சுளிக்கும். ஆள் சாமியார் வேஷத்தில் இருந்தாலோ, என்றைக்காவது சிலும் பிடித்திருந்தாலோ முடிந்தது கதை: கஞ்சா. அந்தச் சீட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகும், அங்கிருந்து விடுதிக்குப் போகும், விடுதியில் அப்படியே பேரேட்டில் ஏறும், பேரேட்டிலிருந்து ஆண்டறிக்கைக்கு, ஆண்டறிக்கையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு. காவலர் அவசரத்தில் எழுதிய ஒரு சொல் வெஸ்ட்மின்ஸ்டரில் மருத்துவ உண்மையாக எழுந்து நின்றது.

மருத்துவர்களும் சுதாரிக்கவில்லை. டாக்கா விடுதியைக் கவனித்தவர் கிராம்பி. நோயாளிகளில் பெரும்பங்கு கஞ்சாவால் வந்தவர்கள் என்று ஆணித்தரமாக நம்பிய அனுபவசாலி. அவருடைய நோயாளிகளின் கதையை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தபோது பலவும் கையில் நிற்கவில்லை. ஒருவருக்குப் பரம்பரையிலேயே மனநோய். இன்னொருவர் நோய் வந்த பிறகுதான் கஞ்சாவைத் தொட்டவர். இந்த வகைக் குழப்பம் எல்லா விடுதிகளிலும் இருந்தது.

வடிகட்டி முடித்தபோது 222-ல் மிஞ்சியது 98. அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காமல் கஞ்சாவை மட்டும் சொல்ல முடிந்தது 61 பேருக்கு.

61 என்பது சைபர் அல்ல. இன்று இந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு, ‘வெள்ளைக்காரனே கஞ்சா நல்லதென்று சொல்லிவிட்டான்’ என்று வாதாடுகிறவர்கள் அந்த இடத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கமிஷன் அப்படிச் சொல்லவில்லை. அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய தீங்கில்லை என்றது. அளவு மீறினால் உடலும் மனமும் கெடும், ஏற்கெனவே பலவீனமான மனத்துக்கு ஆபத்து அதிகம் என்றும் அதே மூச்சில் சொன்னது. 1893-ல் சிலுமில் பிடித்த சரக்கையும் இன்று நகரத்துச் சந்தில் விற்கும் சரக்கையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. எனக்கு இந்த அறிக்கையில் முக்கியமாகப் படுவது முடிவு அல்ல, 222-ஐ அப்படியே நம்பாமல் திறந்து பார்த்த வேலை. போதைப் பொருளைச் சட்டப்படி விடலாமா கூடாதா என்று இன்று நடக்கும் சண்டையில் இரண்டு தரப்பும் புள்ளிவிவரம் வீசுகிறது. கட்டத்தை நிரப்பியது யார் என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. கஞ்சா வரியில் கலால் துறைக்கு நல்ல காசு வந்துகொண்டிருந்தது. வரி வாங்கும் அரசு நியமித்த கமிஷன், வரி வரும் வழியை அடைக்கச் சொல்லுமா? சொல்லாது என்றுதான் மதுவிலக்குக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். அவர்களில் வில்லியம் கெயின் போன்றவர்கள் காங்கிரஸுக்கு நெருக்கமானவர்கள், இந்தியர்களின் நண்பர்கள். தடை கேட்டவன் எல்லாம் ஏகாதிபத்தியவாதி, விடு என்றவன் எல்லாம் இந்தியாவின் தோழன் என்று இந்தக் கதையைப் பிரித்துவிட முடியாது.

*

1894 ஆகஸ்ட். அறிக்கை தயார். முழுத் தடை கூடாது என்பது முடிவு. காரணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. தடை போட்டால் மக்கள் சாராயத்துக்கோ அதைவிட மோசமான ஊமத்தைக்கோ தாவக்கூடும் என்பது ஒன்று. பர்மாவில் தடை போட்டிருந்தும் கள்ளக்கடத்தல் நிற்கவில்லை என்பதும் அவர்கள் கண்முன் இருந்தது. மற்றது மதம். சிவனடியார்களும் பண்டிகை நாட்களில் பாங் குடிக்கும் குடும்பங்களும் இதைப் போதையாகவே நினைப்பதில்லை. பம்பாய் சுங்க அதிகாரி கேம்ப்பெல் இதைப் பற்றி எழுதிய குறிப்பை அறிக்கையிலேயே சேர்த்தார்கள். தடைக்குப் பதிலாக அவர்கள் வகுத்த வழி வங்காள முறைதான்: உரிமம் பெற்ற நிலத்தில் மட்டும் சாகுபடி, அரசுக் கிடங்கு, கனமான வரி, கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒருவர் கையில் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு.

கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. வெள்ளையர் நால்வரும் போட்டார்கள். இந்தியர் மூவர்?

இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கும் பாதையை விட்டு விலகுகிறது. சிவபெருமானின் மூலிகை, நம் பண்பாடு என்று வாதாடியிருக்க வேண்டியவர்கள் என்று யாரை நினைப்போமோ, அந்த இரண்டு இந்துக் கனவான்களும் மறுத்துக் குறிப்பு எழுதினார்கள். ராஜா சசி சேகரேஸ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும் படிப்படியான தடை வேண்டும் என்றார்கள். பெரும்பான்மையோடு நின்ற ஒரே இந்தியர் கிறிஸ்தவராக மதம் மாறியிருந்த ஹர்னாம் சிங். (சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் இவருடைய மகள். அப்போது ஏழு வயதுச் சிறுமி.) மறுப்பு எழுதிய இருவரையும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வரி கறந்துகொண்டே ‘கட்டுப்பாடு’ பேசும் அரசை அவர்கள் நம்பவில்லை. டாஸ்மாக் வாசலைக் கடந்து போகும் தமிழனுக்கு அந்த அவநம்பிக்கை புரியாமல் போகாது.

அரசு பெரும்பான்மையின் பக்கம் நின்றது. ஏழு தொகுதிகள் அச்சாகி நூலகங்களுக்குப் போயின. மாக்வொர்த் யங் பஞ்சாபின் துணை ஆளுநரானார். ஃப்ரேசர் வங்காளத்தின் துணை ஆளுநராகி, பிரிவினைக் கொந்தளிப்பில் மாட்டிக்கொண்டார். கஞ்சா விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1924-ன் கடைசியில், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் அபின் மாநாடு. மேஜைமேல் இருந்தவை அபின், மார்ஃபின், கோக்கெயின். அவற்றைப் பற்றிப் பேசத்தான் உலக நாடுகள் கூடியிருந்தன. பேச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது எகிப்தின் பிரதிநிதி முகம்மது எல் கிண்டி எழுந்தார். அபினுக்கு நிகரான, ஒருவேளை அதைவிடவும் கொடியது ஒன்று இருக்கிறது, அதையும் பட்டியலில் சேருங்கள் என்றார். ஹஷீஷ். அதாவது, கஞ்சாப் பிசின்.

ஆதாரம்? எகிப்தில் மனநோய்க்கு ஆளாகிறவர்களில் நூற்றுக்கு முப்பதிலிருந்து அறுபது பேர் வரை ஹஷீஷால் வந்தவர்கள் என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. சீனா, அமெரிக்கா என்று ஒவ்வொரு நாடாக ஆதரவுக் குரல் எழத் தொடங்கியது. பெரும்பாலான பிரதிநிதிகள் இந்தச் செடியைப் பற்றி ஒரு வரி கூடப் படித்துவிட்டு வரவில்லை. 222 எப்படி 98 ஆனது என்பதை அச்சில் வைத்திருந்த ஒரே அரசு இந்திய அரசு. அதன் பிரதிநிதியும் அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்தார். ஆனால் அவர் கையில் எடுத்தது அந்த ஏழு தொகுதிகளை அல்ல…

(தொடரும்)