துணைக்கு எத்தனை புள்ளி: கனடிய வதிவுரிமைச் சட்டத்தில் திறனாளரின் குடும்பம்

அயல்நாட்டவர் ஒருவர் குடியுரிமை பெறாமலே ஒரு நாட்டில் காலவரையின்றித் தங்கவும், விரும்பிய ஊரில் விரும்பிய தொழிலைச் செய்யவும் அந்நாடு வழங்கும் அனுமதியே நிரந்தர வதிவுரிமை எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ‘பி.ஆர்.’ என்றே அறியப்படுகிறது. கனடாவில் இவ்வுரிமை வழங்கப்பட்டு வந்த முறையின் வரலாறு, வந்தவரின் கல்வியையும் கைத்திறனையும் அரசு எவ்வாறு மதிப்பிட்டது என்பதன் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவரோடு புறப்பட்ட மனைவியை, அல்லது கணவரை, சட்டம் எந்த இடத்தில் வைத்தது என்ற கேள்வியை எழுப்பினால், அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது: உழைப்பவரை ஏற்றுக்கொள்ள முன்வந்த பிறகும், அவருடைய குடும்பத்தை ஏற்றுக்கொள்ளச் சட்டம் நெடுங்காலம் தயங்கியது.

இந்தத் தயக்கம் மிகக் கடுமையாக வெளிப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர ஆலைகளிலும் இருப்புப்பாதைப் பணிகளிலும் வேலை செய்ய வந்த பஞ்சாபியர் அனேகமாக எல்லாருமே குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள். 1908 ஜனவரியில் கனடிய அரசு ‘தொடர் பயண’ விதியைக் கொண்டுவந்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ இடையில் மாறாமல், ஒரே பயணச்சீட்டில் நேரே வருவோரை மட்டுமே அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே வருவதற்குக் கப்பல் சேவை இல்லாதபடியால், இந்தியர் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் இந்தியரைத் தடுத்த விதி இது. ஏற்கெனவே குடியேறியிருந்த ஆண்கள் ஊருக்குப் போய்த் திரும்பலாம், மனைவி மக்களை அழைத்து வர முடியாது என்பதே இதன் நடைமுறை விளைவு.

வான்கூவர் குருத்வாராவைச் சேர்ந்த பாக் சிங், பல்வந்த் சிங் ஆகிய இருவரும் 1912இல் ஹாங்காங் வழியாகக் குடும்பத்துடன் வந்திறங்கியபோது இந்த முரண் வெட்டவெளிச்சமாயிற்று. முன்பே குடியிருந்தவர்கள் என்பதால் ஆண்கள் உள்ளே விடப்பட்டனர். அவர்களுடைய மனைவியரையும் குழந்தைகளையும் நாடுகடத்த ஆணை பிறந்தது. வழக்கும் கிளர்ச்சியும் தொடர்ந்த பிறகு, அரசு அக்குடும்பங்களைத் தங்க அனுமதித்தது. ஆனால் அதைக் கருணைச் செயலாக மட்டுமே செய்வதாகவும், பிறர் இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அறிவித்தது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்வதை உரிமையாக ஏற்காமல் சலுகையாக வழங்கிய இம்மனப்பான்மை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 376 பயணிகளுடன் வந்த கோமகட்டா மாரு கப்பல் திருப்பி அனுப்பப்பட்ட நிகழ்வுக்கு நிகராகவே நினைவுகூரத் தக்கது.

முதல் உலகப் போரில் இந்தியப் படைவீரர்கள் ஆற்றிய பங்குக்குப் பிறகு இந்நிலை சிறிது நெகிழ்ந்தது. 1918இல் லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு, பிரித்தானியப் பேரரசின் பிற நாடுகளில் நிலையாகக் குடியமர்ந்த இந்தியர் ஒவ்வொருவரும் ஒரு மனைவியையும் அவருடைய வயதுவராத குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. மறு ஆண்டு கனடா அதை ஏற்று ஆணையிட்டது. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த மனைவியர் மிகச் சிலரே. இக்காலத்தில் கனடிய இந்தியருக்காகக் குரல் கொடுத்தவர்களுள் தஞ்சை வட்டாரத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி குறிப்பிடத்தக்கவர். 1921ஆம் ஆண்டுப் பேரரசு மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகக் கலந்துகொண்ட அவர், 1922இல் கனடாவுக்கே நேரில் சென்று, அங்கு வாழும் இந்தியருக்கு வாக்குரிமை வழங்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வாக்குரிமை 1947இல்தான் கிட்டியது.

1951இல் ஏற்பட்ட உடன்பாடுகளின்படி ஆண்டொன்றுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர் என்று ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டது. 1962இல் குடிவரவு அமைச்சர் எலன் ஃபேர்கிளஃப் கொண்டுவந்த விதிகள் இன அடிப்படையிலான தேர்வைப் பெருமளவு நீக்கின. ஆனாலும் உறவினரை அழைக்கும் உரிமையில் ஐரோப்பியருக்கு இருந்த கூடுதல் சலுகை தொடர்ந்தது. குடும்பம் என்று வந்தவுடன் பழைய வேறுபாடு மீண்டும் தலைகாட்டியது.

அந்த வேறுபாட்டையும் அகற்றியது 1967 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புள்ளி முறை. கல்விக்கும் பயிற்சிக்கும் 20, அதிகாரியின் நேரடி மதிப்பீட்டுக்கு 15, தொழிலுக்கு உள்ள தேவைக்கு 15, தொழில்திறன், வயது, முன்கூட்டியே கிடைத்த வேலை, ஆங்கில பிரெஞ்சு மொழியறிவு ஆகியவற்றுக்குத் தலா 10, உறவினர் இருத்தலுக்கும் செல்லுமிடத்து வேலைவாய்ப்புக்கும் தலா 5 என 100 புள்ளிகள் வகுக்கப்பட்டன. 50 பெற்றவர் தகுதியுடையவர். பிறப்பிடம் கேட்கப்படாத இம்முறையின் வழியே சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் மருத்துவர்களும் பொறியாளர்களும் கனடாவுக்குச் செல்ல முடிந்தது. இதன் நேர்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அளக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. விண்ணப்பத்தின் பொறுப்பாளரான ‘முதன்மை விண்ணப்பதாரர்’ புள்ளி பெற்றார். அவருடைய வாழ்க்கைத்துணை ‘சார்ந்தோர்’ என்ற வகையில் உடன் சேர்க்கப்பட்டார். குடும்பத் தலைவர் என்றால் கணவரே என்று கொள்ளப்பட்டதால், அவரைவிடக் கூடுதலாகப் படித்திருந்த மனைவியும் சார்ந்தோராகவே கப்பலோ விமானமோ ஏறினார். பெண்களின் நிலை குறித்த அரச ஆணையம் 1970இல் அளித்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அப்பத்தாண்டின் நடுப்பகுதியில்தான் இருவரில் எவரும் முதன்மை விண்ணப்பதாரராகலாம் என்ற நிலை உருவானது.

2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டம், பதிவுத் திருமணம் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த இணையரையும், ஒரே பாலின இணையரையும் துணையாக ஏற்றது. அதன் கீழமைந்த விதிகளில் துணையின் கல்விக்கு 3 முதல் 5 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. 2013இல் அந்த இடத்தைத் துணையின் மொழியறிவு பிடித்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. 2008 பிப்ரவரி 27க்கு முன் விண்ணப்பித்து முடிவு தெரியாமல் காத்திருந்தோரின் கோப்புகளை அரசு 2012இல் சட்டம் இயற்றி ஒரேயடியாக மூடி, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. துணைவரும் குழந்தைகளும் உட்பட ஏறத்தாழ 2,80,000 பேரை இது பாதித்தது. ஆண்டுக்கணக்கில் வேலை மாற்றத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் தள்ளிப்போட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்குக் கட்டணம் எவ்வகையிலும் ஈடாகாது.

2015 ஜனவரியில் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில் விண்ணப்பதாரர்கள் 1,200 புள்ளி கொண்ட அளவுகோலில் வரிசைப்படுத்தப்பட்டு, மேலே உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்க அழைக்கப்படுகின்றனர். தனியாக விண்ணப்பிப்பவரின் அடிப்படைத் தகுதிகளுக்கு 500 புள்ளி வரை உண்டு. துணையுடன் வருபவருக்கு அது 460 ஆகக் குறைகிறது. எஞ்சிய 40 புள்ளிகளைத் துணைதான் ஈட்ட வேண்டும்: கல்விக்கு 10, மொழித் தேர்வுக்கு 20, கனடிய வேலை அனுபவத்துக்கு 10. ஆகவே மொழித் தேர்வு எழுதாத துணையால் குடும்பத்தின் மதிப்பெண் குறைகிறது. நன்றாக எழுதிய துணையால் அது மீள்கிறது. இருவரில் யாரை முதன்மை விண்ணப்பதாரராக நிறுத்தினால் கூடுதல் புள்ளி வரும் என்று தம்பதியர் இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்ப்பது இதனால் இயல்பாகிவிட்டது. பல வீடுகளில் மனைவியின் பட்டம் முதன்முறையாகக் குடும்ப முடிவின் நடுவே வந்தது என்பது இம்முறையால் விளைந்த நன்மை. வீட்டுப் பொறுப்பை ஏற்று வேலையை விட்டவருடைய ஆண்டுகளுக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை என்பது அதன் பெருங்குறை.

துணை என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் விண்ணப்பதாரருடையதே. திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுபடியாக வேண்டும் என்பது கனடிய விதி. கனடாவில் புள்ளி முறை பிறந்த அதே 1967இல்தான், புரோகிதரின்றி மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்கும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்தத் திருத்தம் இல்லையெனில், அம்முறையில் மணந்தவர்கள் இன்று அயல்நாட்டு அதிகாரி முன் தம்மைக் கணவன் மனைவி என்று நிறுவுவதே கடினமாகியிருக்கும்.

துணையை உடன் அழைக்காமல் தனியாளாகக் கணக்கிட்டு முன்னே செல்வதற்கும் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறை இடம் தருகிறது. பின்னர் குடும்ப வகையில் அவரை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே துணையின் பெயரைத் தெரிவித்து, அவரை மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்தியிருக்க வேண்டும். மறைத்தவருடைய துணை குடும்ப வகையிலிருந்தே விலக்கப்படுவார் என்று 2002ஆம் ஆண்டு விதிகளின் 117ஆவது பிரிவு கூறுகிறது. ஆதலால், கணவர் டொராண்டோவுக்குப் புறப்படும் முன், எங்கும் புறப்படாத மனைவியும் கனடிய அரசு ஏற்பளித்த மருத்துவரிடம் சென்று நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் குருதிச் சோதனையும் செய்துகொள்கிறார்.